வளரும் வரிசை

2017 பிப்ரவரியில் அயர்லாந்தின் பொதுத் தொலைக்காட்சியான ஆர்டிஇ ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அரசு மருத்துவமனைகளில் பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடப்பவர்களைப் பற்றிய படம். மூட்டுவலிக்காரர்கள், கண்புரைக்காரர்கள் எல்லாரும் அதில் வந்தார்கள். ஆனால் நாட்டை உலுக்கியது பிள்ளைகளின் முதுகு. முதுகுத்தண்டு வாரத்துக்கு வாரம் பக்கவாட்டில் வளைந்துகொண்டே போக, அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்காமல் தவித்த பிள்ளைகள். கூடவே இன்னொரு காட்சியும் இருந்தது. டப்ளினில் உள்ள கிரம்லின் குழந்தைகள் மருத்துவமனையில் புத்தம்புதிய ஆபரேஷன் தியேட்டர் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. கட்டடம் தயார், நோயாளிகள் தயார், வேலை செய்ய நர்சுகள் இல்லை.

அன்றைய சுகாதார அமைச்சர் சைமன் ஹாரிஸ், அந்த ஆண்டு முடிவதற்குள் எந்தக் குழந்தையும் நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிராது என்று வாக்குக் கொடுத்தார். தியேட்டர் திறக்கப்பட்டது. சில பிள்ளைகள் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டார்கள். அவருக்குப் பின் வந்த அமைச்சர் ஸ்டீபன் டானலி, 2022இல் குழந்தைகளின் எலும்பு அறுவை சிகிச்சைக்கென்று 1.9 கோடி யூரோவைத் தனியாக ஒதுக்கினார். 2024இல் ஹாரிஸ் பிரதமரே ஆனார். வரிசை மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

மக்கள்தொகை ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டிய பணக்கார நாடு. காசும் இருந்தது, அமைச்சரின் மானமும் பணயத்தில் இருந்தது. பிறகு ஏன் முடியவில்லை? ‘நிர்வாகக் கோளாறு’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அது பாதி விடைதான். மீதி விடை எலும்பு வளரும் விதத்திலும், வரிசைகளைப் பற்றிய கணிதத்திலும் இருக்கிறது. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது.

முதலில் எலும்பு. ஸ்கோலியோசிஸ் என்பது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது. வெறும் வளைவோடு நில்லாமல், முறுக்கிக்கொண்டும் போகும். அதனால்தான் பிள்ளையைக் குனியச் சொன்னால் முதுகின் ஒரு பக்கம் மேடு தட்டுகிறது. நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பதின்வயதில் இந்த வளைவு ஓரளவு தென்படும். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. அளவுகோல், 1948இல் அமெரிக்க மருத்துவர் ஜான் காப் வகுத்த கோணம். எக்ஸ்ரேயில் வளைவின் மேல்முனையில் மிகவும் சாய்ந்த முள்ளெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு கோடு, கீழ்முனையில் மிகவும் சாய்ந்ததன் கீழ்விளிம்பை ஒட்டி இன்னொரு கோடு; இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம்தான் வளைவின் அளவு. பத்து டிகிரிக்குக் கீழே இருந்தால் நோய் என்றே சொல்வதில்லை. இருபத்தைந்தைத் தாண்டினால், பிள்ளை இன்னும் வளர்கிற வயதாக இருந்தால், பிரேஸ் என்ற உடற்கவசம். ஐம்பதை நெருங்கினால் கத்தி. ஒரே எக்ஸ்ரேயை இரண்டு மருத்துவர்கள் அளந்தால் ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் யார் முன்னால் யார் பின்னால் என்று முடிவாவது பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான்.

ஐம்பது டிகிரி என்ற எல்லை எங்கிருந்து வந்தது? வளர்ச்சி நின்ற பிறகும் ஐம்பதைத் தாண்டிய வளைவு சும்மா இருப்பதில்லை; ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்று வாழ்நாள் முழுக்க ஊர்ந்துகொண்டே இருக்கும். வளர்கிற வயதில் ஊர்வது கிடையாது, ஓட்டம்தான். பெண்பிள்ளைகளுக்குப் பூப்பெய்துவதற்குச் சற்று முந்தைய மாதங்களில் உயரம் கிடுகிடுவென ஏறும். வளைவும் அப்போது அதே வேகத்தில் ஏறும். ஒரு மாதத்தில் ஒரு டிகிரி, சில சமயம் அதற்கும் மேல். ஆக, பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஆறு மாதமும் பதினேழு வயதுப் பையனின் ஆறு மாதமும் ஒன்றல்ல. காலண்டருக்கு ஒன்றுதான்; எலும்புக்கு இல்லை.

பிரேஸைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் கவசம் மாட்டிச் சித்திரவதை செய்கிறார்கள், பலன் ஒன்றும் கிடையாது என்று வெகுகாலம் ஒரு கட்சி இருந்தது. 2013இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அந்த வாயை அடைத்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் ஐம்பது டிகிரியைத் தொடாமல் வளர்ந்து முடித்தார்கள். போடாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 48 சதவீதம். பிரேஸுக்குள் சின்ன வெப்ப உணரி வைத்து, பிள்ளை எத்தனை மணி நேரம் உண்மையில் அணிந்தது என்றும் கணக்கெடுத்தார்கள் (பதின்வயதுக்காரர்கள் சொல்லும் கணக்கை நம்பாததில் நியாயம் இருந்தது). அதிக நேரம் அணிந்தவர்களுக்கு அதிகப் பலன். காத்திருப்போர் பட்டியலைச் சுருக்கும் மிக மலிவான வழி இதுதான்: உரிய நேரத்தில் பிரேஸ் போட்டால் பட்டியலில் ஏறாமலே தப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் முதல் அவுட்பேஷன்ட் சந்திப்புக்கே ஒரு வருடம் காத்திருந்தால், பிரேஸ் போடும் பருவம் கடந்து, பிள்ளை நேராக அறுவை சிகிச்சைப் பட்டியலில் வந்து நிற்கும்.

இனி தியேட்டருக்குள் போய்ப் பார்ப்போம். காலை எட்டு மணிக்கு மயக்கம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையிலும் கைகால்களிலும் மின்முனைகளைப் பொருத்துவதற்கே நல்ல நேரம் பிடிக்கும். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, வயிறு அழுந்தாதபடி மார்பிலும் இடுப்பிலும் மட்டும் தாங்கும் சட்டத்தில் கிடத்துகிறார்கள். வயிறு அழுந்தினால் முதுகில் ரத்தக்கசிவு கூடும். பிறகு நடு முதுகில் நீண்ட கீறல். முள்ளெலும்பு ஒவ்வொன்றிலும் இருபுறமும் திருகாணி இறங்குகிறது. சில மில்லிமீட்டர் தள்ளித் தண்டுவடம், இன்னொரு பக்கம் பெரிய ரத்தக்குழாய். திருகாணிகளில் உலோகத் தண்டைப் பொருத்தி, வளைவை மெல்ல நிமிர்த்தும் கட்டத்தில் அறையே அமைதியாகிவிடும். ஒரு டெக்னீஷியன் தலையிலிருந்து மின்துடிப்பை அனுப்பி, கால் தசை துடிக்கிறதா என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். துடிப்பு தளர்ந்தால் எல்லாம் நிற்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றுவார்கள், நிமிர்த்தியதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள், மறுபடி பார்ப்பார்கள். இந்தக் கருவி வருவதற்கு முன் நடு அறுவை சிகிச்சையில் பிள்ளையை எழுப்பி, ‘காலை அசை’ என்று சொல்லிச் சோதித்தார்கள். எல்லாம் முடிய ஐந்தாறு மணி நேரம். அன்றைக்கு அந்தத் தியேட்டரில் பெரும்பாலும் வேறு ஆபரேஷன் கிடையாது.

இது நல்ல ஆரோக்கியமான, ஐம்பத்தைந்து டிகிரி வளைவு உள்ள பெண்ணின் கதை. மூளை முடக்குவாதமோ தசைச் சிதைவு நோயோ ஸ்பைனா பிஃபிடாவோ உள்ள பிள்ளையானால் வேறு கதை. வளைவு இடுப்பு வரை இறங்கியிருக்கும். நுரையீரல் ஏற்கெனவே பலவீனம். அறுவை சிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை உறுதியாக வேண்டும், பல நாட்களுக்கு.

இங்கேதான் அந்த விசித்திரம். வங்கியில் வரிசை எவ்வளவு நீண்டாலும் உங்கள் காசோலை பெரிதாவதில்லை. கவுண்டரில் ஆகும் நேரம் அதேதான். முதுகுத்தண்டு வரிசையில் காத்திருப்பே வேலையைப் பெரிதாக்குகிறது. ஐம்பத்தைந்து டிகிரியில் ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டியது, தொண்ணூறைத் தாண்டினால் இரண்டு கட்டமாகப் போகலாம். அதற்கு முன் தலையில் வளையம் மாட்டி, எடை கட்டி, வாரக்கணக்கில் மெல்ல இழுத்து நிமிர்த்த வேண்டியும் வரலாம். அத்தனை வாரமும் ஒரு மருத்துவமனைப் படுக்கை போகிறது. இணைக்க வேண்டிய முள்ளெலும்புகள் கூடுகின்றன, ரத்தம் அதிகம் செலவாகிறது, தியேட்டரில் நேரம் நீள்கிறது. பின்னால் நிற்கும் பிள்ளைக்கு அதனால் இன்னும் தாமதமாகிறது, அதன் வளைவும் வளர்கிறது. வரிசை தன்னைத் தானே ஊட்டி வளர்க்கிறது.

டொராண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் இதை எண்களாக்கிப் பார்த்தார்கள். எத்தனை காலம் வரை காத்திருந்தால் கேடில்லை என்பதை, நிபுணர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டுத் தீர்மானிக்காமல், உண்மையில் காத்திருந்த பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொண்டு கண்டுபிடிக்க முயன்றார்கள். 2011இல் வந்த அவர்களின் விடை: மூன்று மாதம். அயர்லாந்து அமைச்சர் வாக்களித்த நான்கு மாதமே, பதின்வயது ஸ்கோலியோசிஸுக்கு அந்தக் கணக்கின்படி ஒரு மாதம் கூடுதல்.

சரி, வரிசையை எப்படிக் குறைப்பது? எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, நிறைய அறுவை சிகிச்சை செய்துவிடுவது. உதாரணத்துக்கு, பட்டியலில் 200 பேர். மாதம் 20 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், 20 பேருக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. அப்படியானால் புதிதாகச் சேர்கிறவர் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். வரிசையின் நீளத்தை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு. 1961இல் ஜான் லிட்டில் என்பவர் இதைக் கணிதமாக நிறுவியதால் லிட்டில் விதி என்று பெயர். இப்போது அரசு ஒரு கோடி இரண்டு கோடி கொடுத்து, ஓராண்டு முழுக்கச் சனிக்கிழமையும் தியேட்டர் ஓட்டி, 100 பேரைக் குறைக்கிறது. காத்திருப்பு ஐந்து மாதமாகிறது. பத்திரிகைகள் பாராட்டுகின்றன, பணம் தீர்கிறது. அந்த ஓராண்டில் ஊர் முழுக்கச் செய்தி பரவி, ‘இப்போது சீக்கிரம் நடக்கிறதாம்’ என்று மருத்துவர்கள் கூடுதலாக அனுப்ப, மாதம் 20 சேர்ந்தது 24 ஆகிவிட்டால், ஏறத்தாழ இரண்டே வருடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும். தேங்கியதை அள்ளுவதற்குக் கொடுக்கிற பணமும், வரத்துக்கு ஈடாக நிரந்தரமாகச் செய்யும் திறனுக்குக் கொடுக்கிற பணமும் வேறு வேறு கணக்கு. அரசியல்வாதிக்கு முதலாவது பிடிக்கும். ரிப்பன் வெட்டலாம்.

அடுத்தது நெரிசல் எங்கே என்ற கேள்வி. கல்யாண வீட்டில் சமையல்காரர்களை இரட்டிப்பாக்கினாலும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து இலை எடுத்தால்தான் அடுத்த பந்தி உட்காரும். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில் பந்தி இலை என்பது பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் அதை இரவில் பார்த்துக்கொள்ளும் நர்சும். அறுவை நிபுணரை நியமித்தாலும் அந்த இலை கிடைக்காவிட்டால் அவர் டீ குடித்துக்கொண்டு இருப்பார். அயர்லாந்து மருத்துவமனைகள் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த நர்சுகளை நம்பித்தான் பல்லாண்டுகளாக ஓடுகின்றன. ஆனால் குழந்தைகளின் தீவிர சிகிச்சை நர்சை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த மறுநாளே வார்டில் நிறுத்திவிட முடியாது. பயிற்சிக்கு மாதங்கள் ஆகும்.

டப்ளினில் ஜனவரி மாதக் காலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாட்டின் இன்னொரு கோடியிலிருந்து தாயும் மகளும் முதல் நாளே வந்து தங்கியிருக்கிறார்கள். நள்ளிரவிலிருந்து பட்டினி. ரத்தம் பொருத்தம் பார்த்து வைத்தாயிற்று. காலை ஏழரைக்குப் படுக்கைக் கூட்டம். இரவில் ஆர்எஸ்வி கிருமித் தொற்றோடு மூச்சுத் திணறி இரண்டு பச்சிளங்குழந்தைகள் வந்து கடைசிப் படுக்கைகளை நிரப்பிவிட்டார்கள். முதுகுத்தண்டு ஆபரேஷன் ரத்து. குற்றவாளி யாருமில்லை. பச்சிளங்குழந்தையை வெளியே அனுப்ப முடியுமா? ஆனால் தியேட்டர், அறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், நான்கைந்து நர்சுகள், டெக்னீஷியன் எல்லாருடைய ஒரு நாளும் போயிற்று. அதை யாரும் திருப்பித் தர முடியாது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த தேதி எப்போது என்றும் அன்று காலை சொல்ல முடியாது.

இது துரதிர்ஷ்டமல்ல, கணிதம். 1961இலேயே ஜான் கிங்மன் எழுதிவைத்த சூத்திரம் சொல்வது இது: வசதி நிறைந்து ஓட ஓட, காத்திருப்பு நேர்கோட்டில் ஏறாது, செங்குத்தாக ஏறும். மிக எளிய மாதிரியில், ஒரு வசதி 80 சதவீத நேரம் நிறைந்திருந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு நோயாளிக்கு ஆகும் நேரத்தைப் போல் 4 மடங்கு. 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95இல் 19 மடங்கு. 80லிருந்து 95க்குப் போவதை நிதித்துறை ‘திறமையான பயன்பாடு’ என்று பாராட்டும். வரிசையில் நிற்பவர்தான் ஏறத்தாழ ஐந்து மடங்கு காத்திருப்பார். படுக்கைகளின் எண்ணிக்கை குறையக் குறைய இந்த அடி இன்னும் பலமாக விழும். குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு எந்த நாட்டிலும் சிறியதுதான். ஆகவே அங்கே காலியாக ஒரு படுக்கையை வைத்திருப்பது வீண் என்று தோன்றினாலும், அந்தக் காலியான படுக்கைதான் மற்ற எல்லாவற்றையும் ஓடவைக்கிறது. இதைக் கருவூலத்துக்குப் புரியவைப்பது, முதுகுத்தண்டை நிமிர்த்துவதைவிடக் கஷ்டம்.

அதனால் வேலை செய்த வழிகள் எல்லாம் ஒருவகையில் அந்தப் பந்தி இலையைச் சுற்றியவைதான். பாஸ்டனைச் சேர்ந்த ஆய்வாளர் யூஜின் லிட்வாக், குளிர்காலத் தொற்று போன்ற இயற்கையான ஏற்ற இறக்கத்தை நம்மால் தடுக்க முடியாது, ஆனால் மருத்துவமனைகள் தாங்களாகவே செயற்கையாக ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகின்றன என்று காட்டினார். அறுவை நிபுணர்கள் எல்லாரும் வாரத் தொடக்கத்தில் கூட்டமாகச் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை ஓய்ந்துபோனால், தீவிர சிகிச்சைப் பிரிவு புதன்கிழமை பிதுங்கி, ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கும். சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனை அவர் சொன்னபடி திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை வாரம் முழுக்கச் சமமாகப் பரப்பியது. கூடுதலாகக் கட்ட நினைத்த படுக்கைகளைக் கட்டாமலே சமாளித்தது. கேட்க எளிது. ஆனால் திங்கட்கிழமை காலை தனக்குச் சொந்தம் என்று முப்பது வருடமாக நினைத்திருக்கும் மூத்த நிபுணரிடம் போய் வெள்ளிக்கிழமைக்கு மாறச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு வழி பிரித்துவிடுவது. ஆரோக்கியமான பதின்வயதுப் பிள்ளைக்கு ஸ்கோலியோசிஸ் என்றால், அறுவை சிகிச்சைக்குப் பின் பல இடங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவதில்லை. நல்ல கண்காணிப்புள்ள வார்டே போதும். அவர்களை அவசர நோயாளிகள் வராத மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டால், ஜனவரி ஆர்எஸ்வி அவர்களைத் தொடாது. டப்ளினில் சிக்கல் குறைந்த பிள்ளைகளைக் காபா எலும்பு மருத்துவமனைக்கு அனுப்பத் தொடங்கியது இந்த நோக்கத்தில்தான். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நடக்கவைப்பது, குழாய்களைச் சீக்கிரம் எடுப்பது, வலிமருந்தை முன்கூட்டியே வாய்வழிக்கு மாற்றுவது என்றொரு நடைமுறை அமெரிக்க மருத்துவமனைகளில் பரவி, ஐந்து நாள் தங்கியவர்கள் மூன்று நாளில் வீட்டுக்குப் போகிறார்கள். தியேட்டரில் ஒரு நிபுணருக்குப் பதில் இருவர் ஒரே முதுகில் இருபுறமும் வேலை செய்தால் நேரமும் ரத்தமும் மிச்சம். எல்லாம் கைக்கு எட்டியவைதான். ஒன்றுகூட ரிப்பன் வெட்டத் தோதானதில்லை.

யாரை முதலில் எடுப்பது? ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ என்பது ரேஷன் கடைக்கு நியாயம். இங்கே இடது கையை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், விரல் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் எந்த அளவு மூடியிருக்கின்றன என்று தெரியும். மருத்துவர் ஜேம்ஸ் சாண்டர்ஸ் 2008இல் அதை எட்டுப் படிகளாக வகுத்தார். மூன்றாம் படியில், ஓட்டத்தின் உச்சத்தில் நிற்கும் 48 டிகிரி பெண்ணும், ஏழாம் படியில் ஏறத்தாழ வளர்ந்து முடிந்த 58 டிகிரி பையனும் வரிசையில் இருந்தால், எண் பெரியது பையனுக்கு, அவசரம் பெண்ணுக்கு. காப் கோணத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் இது தலைகீழாகும்.

கடைசியாக எண்ணுதல். இங்கிலாந்தில், குடும்ப மருத்துவர் பரிந்துரைத்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 18 வாரம் இலக்கு. அயர்லாந்தில் அவுட்பேஷன்ட் காத்திருப்புக்கு ஒரு பட்டியல், அறுவை சிகிச்சைக்கு வேறு பட்டியல். முதல் பட்டியலில் ஒன்றரை வருடம் கழித்துவிட்டு இரண்டாவதில் ஏறும் பிள்ளை, அறுவை சிகிச்சைக் கணக்கில் முதல் நாள் புதிதாகப் பிறக்கும். அந்தப் பட்டியலுக்குள்ளும் ‘செயலில் உள்ளோர்’, ‘இடைநிறுத்தப்பட்டோர்’, ‘திட்டமிடப்பட்டோர்’ என்று பிரிவுகள். சளி பிடித்தால் இடைநிறுத்தம். நான்கு மாத இலக்கைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் அடிபட்டது செயலில் உள்ளோரின் எண்ணிக்கை மட்டுமே.

இந்தப் பிரிவுகளில் மிகவும் நுட்பமானது ‘திட்டமிடப்பட்டோர்’. ஐந்தாறு வயதிலேயே வளைவு கடுமையாக இருக்கும் குழந்தைக்கு முதுகெலும்பை இணைத்துவிட்டால் மார்புக்கூடு வளராது. எட்டு வயது வரை பெருகும் நுரையீரலின் காற்றுப்பைகளுக்கு இடமிருக்காது. அதனால் நீளும் தண்டுகளைப் பொருத்தி, பழைய வகையானால் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து நீட்டுகிறார்கள். காந்தத்தால் வெளியிலிருந்தே நீட்டும் வகையும் பின்னால் வந்தது. ஒவ்வொரு நீட்டலுக்கும் தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருப்பதால் அந்தக் குழந்தை ‘காத்திருப்பவர்’ ஆகாது. குறித்த மாதம் தவறி, எட்டாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ ஆனாலும், எந்தத் தலைப்புச் செய்தியின் எண்ணிலும் ஒன்றுகூட ஏறாது. தவறிய மாதங்களை மார்புக்கூட்டின் உயரத்தில் மட்டுமே அளக்க முடியும். அதை அளந்து பட்டியலில் எழுதச் சொல்லும் விதி எதுவும் அயர்லாந்துக் கணக்குமுறையில் இருக்கவில்லை.